அத்தையின் மூக்கும் நெருப்பு மணியும்

என் மாமியாரின் மூக்கைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே என்னை எச்சரித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "அந்த ஊட்ல எதையும் மறைக்க முடியாதுங்க. அந்தம்மா மூக்கு அப்படி" என்று என் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண்ணான எனக்கு, மாமியார் கெடுபிடியைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்று பட்டது. பரமத்தி வேலூருக்கு வாழ வந்த பிறகுதான், அவர் நிஜமாகவே மூக்கைத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

எழுபதுகளின் கடைசி அது. வீடு சும்மா பெரியதில்லை, ஆள் தொலைந்துபோகிற அளவுக்குப் பெரியது. நடுவில் வானம் தெரியும் வாசல், அதைச் சுற்றி நாலு பக்கமும் ஆசாரம், அதாவது தூண் வைத்த நீளக் கூடம். அதற்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதையும் தாண்டிப் பின்கட்டு, அங்கே சமையல். மேலே மாடி. மேற்குப் பக்கம் மஞ்சளும் கடலைக்காயும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சரக்கறை. அதை ஒட்டி வெற்றிலைக் கூடை கட்டும் கொட்டகை. வந்த புதிதில் துணி காயப்போடப் போனவள் வழி பிசகிக் கொட்டகையில் போய் நின்றேன். அங்கே வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் என்னை வீட்டுக்குள் கூட்டிவந்து விட்டார்கள். ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தது அந்தக் குடும்பம்.

அத்தை உட்கார்வது கிழக்கு ஆசாரத்தில், இரண்டாம் தூணடியில். காய் நறுக்குவது, பூக்கட்டுவது, ஆட்களுக்கு வேலை சொல்வது எல்லாம் அங்கிருந்துதான். என் வியப்பெல்லாம் அந்த மூக்கின் மேல். பின்கட்டில் நான் கடுகு தாளிப்பேன். "எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே போட்டுட்டயே சாமி" என்று தூணடியிலிருந்து குரல் வரும். கூடையில் ஒரு வெற்றிலை அழுக ஆரம்பித்தால் எந்தக் கூடை என்று சொல்லிவிடுவார். ஒரு கார்த்திகை சாயங்காலம், வாசலில் ஒறம்பரை, அதாவது விருந்தாளி சனம், நிறைய உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை பேச்சை நிறுத்தி முகத்தைத் தூக்கினார். "மாடியில திரி சாஞ்சிருச்சு, துணி கருகுது" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் சன்னல் திரைச்சீலையின் ஓரத்தில் விரலளவுக்குக் கருகியிருந்தது. மாடிப்படியிலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனுஷ ஜென்மத்துக்கு இப்படி ஒரு மூக்கா என்று அன்று ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரரிடம் அதே பேச்சு. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டு, "பொறந்ததுல இருந்து பாக்கறன், இதுக்கென்ன" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதனால் அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்தோமா, விளக்கைத் தணித்தோமா, இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினோமா என்று யாரும் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள். "அம்மா இருக்கறாங்கல்ல" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அத்தனை மூட்டையும் மரமும் எண்ணெயும் அடைந்து கிடந்த வீடு, ஒரு மூக்கை நம்பிக் கண்ணசந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்ல அப்போது எனக்கு அதிகம் இருந்ததில்லை. வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு, கோர்ட்டுத் தாவா, பேப்பர் இவைதான் அவர். பெண்டாட்டியிடம் நாலு பேர் முன்னால் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கடைவீதியிலிருந்து குண்டுமல்லி வாங்கி வருவார், அவ்வளவுதான் கொஞ்சல். அதையும் கையில் கொடுக்க மாட்டார். ஆசாரத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் வெளிக்கதவைத் தாண்டி உள்ளே வரும்போதே அத்தை இங்கிருந்து, "நேத்துப் பூவத் தண்ணி தெளிச்சுக் குடுத்து ஏமாத்திப்புட்டானுங்க உங்கள" என்பார். மாமா மீசைக்குள் சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். அத்தை காய்ச்சலில் விழுந்தார். கஞ்சி கூட இறங்காமல் ரொம்ப நாள் கிடந்து, தேறி எழுந்தபோது பாதி ஆளாக இருந்தார். பழையபடி தூணடிக்கு வந்து உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

அடுத்த சில நாளில் நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வரும்போது வாசல் வரைக்கும் தீய்ந்த வாடை. எனக்கே தொண்டை கமறுகிறது. அத்தையோ சமையலறை நிலைப்படியிலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் பால் கரியாகிக்கொண்டிருந்தது. திரும்பவே இல்லை. நான் ஓடிப் பாத்திரத்தை இறக்கிய சத்தத்தில்தான் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை.

"மூக்குல ஒண்ணுமே ஏறமாட்டேங்குது சாமி" என்றார். குரல் அடங்கியிருந்தது. "காப்பித்தூளு, பெருங்காயம், சாணி, பூவு எல்லாம் ஒண்ணாட்டமாத்தான் இருக்குது. காச்சலோட போயிருச்சு."

"டாக்டர்கிட்ட போலாங்க அத்தை."

"நம்ம வேலூரு டாக்டர்கிட்ட நைசாக் கேட்டுப் பாத்துட்டன். வந்தாலும் வரும், வராமயும் போகும்ங்கறாரு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆருகிட்டயும் சொல்லிப்புடாத. உங்க மாமாகிட்ட மட்டும் மூச்சு உட்றாத. இந்த ஊட்ல நானு எதுக்கு இருக்கறன்னு நெனைக்கற? சோறாக்க நீங்க இருக்கறீங்க, காடு பாக்க ஆம்பளைக இருக்கறாங்க. என்னை நம்பித்தான இத்தனை பேரும் தூங்கறாங்க. அதுவும் இல்லீன்னா நானு இந்தத் தூணுக்குச் சமானம்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. மூக்குப் போனால் மனுஷி போய்விடுவாளா என்று கேட்க நினைத்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிக் கேட்க முடியவில்லை. ராஜ்யம் போன முகம் அது.

அன்று முதல் நான்தான் அவர் மூக்கு. எங்காவது ஏதாவது தீய்கிற வாடை வந்தால் நேரே தூணடிக்குப் போய்க் குனிந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி காதில் சொல்வேன். உடனே அத்தை முகத்தைத் தூக்கி, மூச்சை இழுத்து, "ஆரங்க பின்கட்டுல, புளி அடிப்புடிக்குது!" என்று ஒரு அதட்டல் போடுவார். நன்றாகவே நடந்தது. ஆனால் என் மூக்கு என்ன பெரிய மூக்கு? சளி பிடித்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும். போதாததற்கு நான் முழுகாமல் வேறு இருந்தேன். ஏழாம் மாசம் என் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்து, என்னைப் பிரசவத்துக்கு ஆத்தூருக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் அத்தை காதில் சொல்ல யார்?

"நீ போயிட்டீன்னா," என்றார் அத்தை ஒருநாள், "சரக்கறையில தீப்புடிச்சாக்கூட நானு இங்க உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருப்பன்." உண்மையைச் சொன்னால் அவர் இடம் போகும். சொல்லாவிட்டால் வீடே போகலாம். இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷி தூக்கம் இல்லாமல் கிடந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே மாமா சொன்னார். "ஊட்டுக்கு நெருப்பு மணி ஒண்ணு வெக்கலாம்னு இருக்கறன்."

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. கொழுந்தனார் உடனே, "ஏனுங்கப்பா, அம்மா மூக்கு இருக்கறப்ப மணி எதுக்குங்க?" என்றார். எல்லாரும் சிரித்தோம், நானும் சேர்ந்து. அத்தையும் வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தி, "அதான, நாந்தான் இருக்கறன்ல" என்றார்.

மாமா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்கம்மா மூக்குக்குத் தெரியாத நெருப்பு ஒண்ணு வந்திருக்குதப்பா. செவுத்துக்குள்ள ஒயரு, பிரிட்ஜு, டீவி. கரண்டு நெருப்பு உள்ளுக்குள்ளயே ஓடி எரிஞ்சுபோட்டுத்தான் வெளிய வாசம் காட்டுமாமா. அதுக்கு எந்த மூக்கும் ஆகாது." அவ்வளவுதான், பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் பாதி நிம்மதி, பாதி திகில். மூக்குக்குக் கெட்ட பேர் வராமல் வீட்டுக்குக் காவல் வருகிறதே என்று நான் உள்ளுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

என்ன மணி வைப்பது என்பதில் வீடு ரெண்டுபட்டது. என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். உலகத்தில் எதற்கும் அவரிடம் லாரியில் ஒரு பதில் உண்டு. "ஏர் ஹாரன் ரெண்டு வாங்கி மாடியில மாட்டிப்புடலாங்கப்பா. அமுக்குனா கரூருக்கே கேக்கும்" என்றார். கொழுந்தனார், தான் ஹாஸ்டலில் இருந்து படித்த பள்ளிக்கூடத்து வெண்கல மணி மாதிரி ஒன்று போதும் என்றார். மாமா இரண்டையும் ஒரே பேச்சில் தள்ளினார். "ஹாரனை அமுக்கறதுக்கு ஆளு வேணும், மணி அடிக்கறதுக்கும் ஆளு வேணும். அந்த ஆளுக்கு மொதல்ல தெரியோணுமல்ல? தானா மோந்து பாக்கறது வேணும்."

தானாக மோந்து பார்க்கிறதாம்! கேட்டுவிட்டு நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அப்படி ஒன்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மண்டிக்காரர் தன் சரக்குக் கிட்டங்கியில் வைத்திருக்கிறார் என்று மாமா விசாரித்து வைத்திருந்தார். கட்டுச்சோற்று விருந்துக்குச் சேலை எடுக்கப் போகிற சாக்கில் மாமா, என் வீட்டுக்காரர், நான் மூவரும் காரில் சேலம் போனோம். செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் கார் நுழையாது. மிளகாய் மூட்டை இறக்குகிற வண்டிகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே நடந்தோம். கடைக்குப் பின்னால் கிட்டங்கி. கூரை முட்ட வேட்டிக் கட்டுகள். மேலே பார்த்தால் வெள்ளையாக, அப்பத்தைக் கவிழ்த்து ஒட்டிய மாதிரி ஒன்று இருந்தது. அதில் கடுகளவு சிவப்பு விளக்கு மினுக்கியது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மண்டிக்காரர் குஷியான மனிதர். ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஸ்டூல் மேல் ஏறி அதன் அடியில் பிடித்தார். "பாருங்க கூத்தை" என்றார். புகை நெளிந்து நெளிந்து மேலே போய் அந்த அப்பத்துக்குள் நுழைந்தது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு கிட்டங்கியே அலறியது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வயிற்றுக்குள் பிள்ளை எட்டி உதைத்தது. சந்தில் போன சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. எனக்குப் பயம் போய் ஒரே பிரமிப்பு. மூச்சு விடாத ஒன்று மோப்பம் பிடிக்கிறதே! அதற்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, காய்ச்சல் வராது. கரண்டு போனாலும் கீழே பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறதாம். கும்பிடத் தோன்றியது. நிஜமாகவே கை பாதி எழும்பிவிட்டது. என் வீட்டுக்காரர் பார்த்துவிடப் போகிறாரே என்று முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி சமாளித்தேன்.

மாமா மட்டும் மேலே பார்க்கவில்லை. சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் வரிசையாகக் குட்டி விளக்குகள். "மணி அடிக்கறதுக்கு முன்னால எதாச்சும் தெரியுமுங்களா?" என்று கேட்டார். மண்டிக்காரர், "மொதல்ல இந்த வெளக்கு எரியும். எந்தப் பக்கம் புகைன்னு காட்டும். அப்பறந்தான் மணி" என்றார். மாமா அவரை இன்னொரு முறை ஊதுபத்தி கொளுத்தச் சொல்லி, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் இருந்தவர்கள் இந்த முறை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கோயமுத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் டேப். வீட்டை அளந்து முடிக்கவே அவருக்கு ஒரு பொழுது ஆகிவிட்டது. எங்கே புகை பார்க்கிற அப்பம், எங்கே சூடு பார்க்கிற அப்பம் என்று விளக்கினார். சமையலறையில் புகை பார்க்கிறதை வைத்தால் ரசம் தாளிக்கிறபோதெல்லாம் ஊர் கூடிவிடும், அங்கே சூடு பார்க்கிறதுதான் சரி என்றார். சரக்கறை, கொட்டகை, மாடி, பூஜையறை எல்லாவற்றுக்கும் புகை பார்க்கிறது. ஏணி வந்தது, குழாய் வந்தது, ஒயர் வந்தது. காரைச் சுவரில் ஓட்டை போடப் போட வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. அத்தை தூணடியை விட்டு நகராமல், தலையில் தூள் விழ விழ உட்கார்ந்திருந்தார்.

தகராறு பெட்டி வைக்கிற இடத்தில்தான் வந்தது. இன்ஜினியர், முன்வாசல் அறையில் ஆம்பளைகள் பார்வையில் இருக்க வேண்டும் என்றார். மாமா கிழக்கு ஆசாரத்தில் இரண்டாம் தூணுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"அங்க லேடீஸ்தான சார் இருப்பாங்க?"

"அங்கதான் எப்பவும் ஆளு இருக்கும்" என்றார் மாமா.

அடுத்து விளக்குகள். இன்ஜினியர் ஒவ்வொன்றின் கீழும் இடத்தின் பெயரை இங்கிலீஷில் எழுதி ஒட்டப்போனார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். கலர் கண்ணாடி போடச் சொன்னார். மஞ்சள் கிடக்கிற சரக்கறைக்கு மஞ்சள், வெற்றிலைக் கொட்டகைக்குப் பச்சை, சமையலுக்குச் சிவப்பு, பூஜையறைக்கு நீலம், மாடிக்கு வெள்ளை. "பச்சப்புள்ளைக்கும் புரியோணும்" என்றார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அப்போது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டார். அதைக் கேட்டு இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். விளக்கு எரிந்தவுடனே மணி அடிக்கக் கூடாதாம். சித்தெ நேரம் பொறுத்து அடிக்க வேண்டுமாம். "ஏன் சார்? நெருப்புன்னா ஒடனே தெரியறதுதான நல்லது?"

"திடீர்னு கத்துனா பொம்பளைங்க பயந்துக்குவாங்க. ஊட்ல புள்ளத்தாச்சி இருக்குது" என்று என்னைக் காட்டினார் மாமா. எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. என் மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜினியர் ஏதோ ஒரு சின்ன சாமானை உள்ளே வைத்து முடுக்கினார். ஒருத்தர் ஒரு அதட்டல் போட்டு முடிக்கிற நேரம், அவ்வளவுதான் இடைவெளி.

முதல் வெள்ளிக்கிழமையே வந்தது வினை. அந்த வீட்டில் வெள்ளி சாயங்காலம் அத்தை தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவி, அறை அறையாகக் காட்டிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் ஒரு சிட்டிகை போடுவார், வாசனை வந்ததும் நிறுத்துவார். இப்போது வாசனைதான் தெரியாதே. புகை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார். பூஜையறையிலிருந்து வெளியே வந்தபோது ஆளே தெரியவில்லை, நடந்து வருகிற மேகம்தான் தெரிந்தது. எதிர்ச் சுவரில் நீல விளக்கு எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மணி.

கொடிக்காலில் இருந்த ஆட்களெல்லாம் குடத்தோடு ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் ஒருத்தர் தூபக்காலில் ஊற்றிய தண்ணீர் அத்தையையும் நனைத்தது. சாம்பல் சேறாகிச் சேலையெல்லாம் வழிந்தது. சத்தம் கேட்டு வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை நனைந்த கோலத்தில் அப்படியே நின்றார். அவர் கண்ணில் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒருத்தர் யோசித்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

மறுநாள் வந்த இன்ஜினியர் யோசித்தார். "சாம்பிராணிக்கெல்லாம் இப்படி அடிக்காதுங்களே. அம்மா ரொம்பப் போட்டுட்டாங்களோ?"

"மிசின்லதான் கோளாறு" என்றார் மாமா, வெட்டினாற்போல. "அவ முப்பது வருசமாப் போடறா. அவளுக்குத் தெரியாத அளவா? பூஜையறைக்கும் சூடு பாக்கறதையே வெச்சுட்டுப் போங்க." இன்ஜினியர் மாற்றிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளியிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. பூஜையறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கங்கின் மேல் தானே ஒரு சிட்டிகை சாம்பிராணி தூவி, "ம், கொண்டு போ" என்றார். வயசானால் பக்தி வரும்போல என்று நான் என் வீட்டுக்காரரிடம் கேலி பேசினேன்.

ஏழாம் மாசம், வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து, என் அப்பாவும் அம்மாவும் உறவுகளும் கட்டுச்சோற்றோடு வந்து இறங்கினார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, முறுக்கு, அதிரசம். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. மறுநாள் கிளம்ப வேண்டும். இந்த மனுஷியை யாரிடம் விட்டுப்போவது? பெட்டி இருக்கிறது, மணி இருக்கிறது, வீடு தப்பிக்கும். ஆனால் முதல் தடவை நிஜ நெருப்புக்கு மணி அடிக்கிற அன்று, "அம்மாவுக்குத் தெரியலையே" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

பந்தி முடிந்து வாசலும் ஆசாரமும் நிறைய ஆட்கள். அத்தை தூணடியில் உட்கார்ந்து என் அம்மாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில். அம்மா ஏதோ சொல்ல, அத்தை நிமிர்ந்தார். நானும் அதே பக்கம் பார்த்தேன். எதிர்ச் சுவரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அத்தை வெற்றிலையைத் தட்டில் வைத்தார். முகத்தை மெல்ல மேற்கே திருப்பினார். மூக்கு விடைக்க ஒரு மூச்சு இழுத்தார். அந்தக் காலத்து மூச்சு அது, கார்த்திகை அன்று இழுத்த அதே மூச்சு. "ஆரங்க! சரக்கறையில சாக்கு கருகுது, ஓடுங்க!" என்றார். வாசலில் இருந்த அத்தனை ஆம்பளைகளும் எழுந்து ஓடினார்கள். அவர்கள் மேற்கு ஆசாரத்தைத் தாண்டும்போதுதான் மணி அலறியது.

மூட்டைகளுக்கு இடையில் யாரோ அணைக்காமல் போட்ட பீடி. மூன்று நாலு சாக்குகள் உள்ளுக்குள் கனன்று, அப்போதுதான் கொழுந்து விடப் பார்த்திருக்கிறது. பக்கத்திலேயே எண்ணெய் டின்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மேற்குப் பக்கமே மிஞ்சியிருக்காது. நனைந்த சாக்குகளை இழுத்து வந்து வெளியே போட்டார்கள். என் அப்பா பெட்டியையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்தனை செலவு பண்ணி வெச்ச மிஷினுக்கு முன்னால உங்க மாமியாருக்குத் தெரிஞ்சிருக்குதே!" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கொழுந்தனார் பெட்டியைத் தட்டி, "நீ இன்னும் வளரோணும்டா" என்றார். அத்தை ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். சந்தோஷம் தாங்காமல் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் என் அம்மா ஆத்தூரிலிருந்து கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினார். "இந்தாங்க சம்பந்தி, விருந்தும் அதுவுமா வாசமே இல்லாத கனகாம்பரத்தை வெச்சிருக்கீங்களே" என்றார்.

அப்போதுதான் நான் அத்தையின் கொண்டையைப் பார்த்தேன். கனகாம்பரம். போன வெள்ளி என்ன பூ? கனகாம்பரம். அதற்கு முந்தின வெள்ளி? அந்த ஆசாரத்து ஆணியில் கடைசியாக மல்லியைப் பார்த்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். காய்ச்சலுக்கு முன்னால். காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட மாமா மல்லி வாங்கி வரவில்லை. நிறம் மட்டும் உள்ள பூவாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செவ்வாய்ப்பேட்டையில் அவர் பார்த்துக்கொண்டு நின்ற விளக்கு, எதிர்ச் சுவர், கலர் கண்ணாடி, ஒரு அதட்டல் போடுகிற நேரம், சிட்டிகை சாம்பிராணி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மோந்து பார்க்கிற மிஷினைக் கண்டு கும்பிடப் போனேனே, கும்பிட வேண்டியவர் பக்கத்தில் அல்லவா நின்றுகொண்டிருந்தார்!

அம்மா எழுந்து உள்ளே போனதும் அத்தையின் காதருகில் குனிந்தேன். "அத்தை, மாமாவுக்கு..."

"தெரியும் சாமி." மல்லிச் சரத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார். "மொத வெள்ளி ஆணியில கனகாம்பரத்தைப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு. அந்த டாக்டரு சொல்லியிருப்பாரு. நீ காட்டிக்காத. எனக்குத் தெரியாதுன்னே அவரு நெனைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

அதற்குள் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். நின்றார். எதிர்ச் சுவரில் இருந்த பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, மணி முந்துச்சா, நீ முந்துனயா?"

"நாந்தானுங்க" என்றார் அத்தை.